ஐயா, புலியைப் பார்த்திருக்கிறீர்களா?

காட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள் என்று ஆசிரியர் அறிவிப்புப் போட்டாலும் போட்டார், தபாலில் ஒரு கட்டு, வாட்ஸ்அப்பில் அதைவிடப் பெரிய கட்டு வந்து சேர்ந்தது. நான் வனவராகச் சேர்ந்து, முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை என்று சுற்றி, வனச்சரகராக ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு வேலை வாங்கித் தரச் சொல்லி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். என் கையில் இப்போது பென்ஷன் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி: ஐயா, நீங்கள் காட்டிலேயே இருந்தவர். புலியை நிறையப் பார்த்திருக்கிறீர்களா? பயமாக இருக்காதா?
(ஏழாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்)

பதில்: தம்பி, புலி என்னைப் பார்த்த கணக்கு புலிக்குத்தான் தெரியும். நான் பார்த்தது அதில் கால்வாசிகூட இருக்காது. வேனில் வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு ரோட்டோரம் ஜம்மென்று படுத்துக் காட்சி கொடுக்கும். தினமும் நடக்கிற காவலருக்கு வால் நுனி தென்பட்டாலே பெரிய விஷயம்.

எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் அது விட்டுப்போன சங்கதிகள்தான். ஈர மண்ணில் கால்தடம், மரப்பட்டையில் நகக் கீறல், பாதை நடுவில் எச்சம். எச்சத்தைக் குச்சியால் கிளறினால் உள்ளே முடி இருக்கும். முரட்டு முடி என்றால் கடமான். பழகியவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டாய். தன் எல்லையைக் காட்டப் புதர்மேல் புலி பீய்ச்சிவிட்டுப் போகும் நீருக்குப் பாஸ்மதி அரிசி வேகிற வாசம் இருக்கும். இரண்டுக்கும் வாசம் தருவது ஒரே வேதிப்பொருள்தான் என்று ஆராய்ந்தே சொல்லியிருக்கிறார்கள். அதனால் நடுக்காட்டில் சோறு வேகும் வாசம் வந்தால் பசிக்கிறதே என்று நினைக்கக் கூடாது. நின்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புலியின் கால்தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வரைந்து எண்ணினோம். கால்தடக் கணக்கில் புலிகள் இருந்த ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் உண்மையில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று 2005 வாக்கில் வெளியே தெரிந்து நாடே கொதித்தது. அதோடு அந்த முறைக்கு மூடுவிழா. இப்போது தானியங்கி கேமராதான். இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி, பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே மரத்தில் கட்டுவோம். ஜோடி எதற்கு என்றால், ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் ஒன்றையே இரண்டாக எண்ணிவிடுவோம். அப்படி எண்ணித்தான் 2018இல் தமிழ்நாட்டில் 264 புலிகள், 2022இல் 306 புலிகள் என்று கணக்கு வந்தது.

பயமா? புலியிடம் அவ்வளவாக இல்லை. கரடியிடம் உண்டு. எதற்காகப் பாய்கிறோம் என்று கரடிக்கே தெரியாது.

கேள்வி: கார்டு, ஃபாரஸ்டர், ரேஞ்சர் என்கிறார்கள். யார் பெரியவர்? தேர்வு எப்படி?
(பட்டதாரி இளைஞர், அரூர்)

பதில்: கீழிருந்து சொன்னால் வனக்காவலர் என்கிற வாட்ச்சர், வனக்காப்பாளர் என்கிற கார்டு, வனவர் என்கிற ஃபாரஸ்டர், வனச்சரக அலுவலர் என்கிற ரேஞ்சர். அதற்கு மேல் உதவி வனப் பாதுகாவலர், மாவட்ட வன அலுவலர் என்று ஏணி சென்னை வரை போகும். கார்டின் பொறுப்பில் ஒரு ‘பீட்’. சில பீட்டுகள் சேர்ந்தது வனவரின் பிரிவு. பிரிவுகள் சேர்ந்தது ரேஞ்சரின் சரகம்.

காவலர், காப்பாளர் பணிகள் இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் வருகின்றன. உதவி வனப் பாதுகாவலர் என்றால் குரூப் 1ஏ. எழுத்துத் தேர்வில் பாஸானவர்கள் பலர் நடைத் தேர்வில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். காப்பாளர் பணிக்கு ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். புது ஷூ போட்டு வருகிறவன் பத்தாவது கிலோமீட்டரில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுவான். தம்பி, பழைய ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள்.

நான் சொன்ன ஏணியில் கால் வைக்கக்கூட இடமில்லாத ஒருவர் இருக்கிறார். வேட்டைத் தடுப்புக் காவலர். பெரும்பாலும் இருளர், குறும்பர், சோளகர், காடர், மலசர் வீட்டுப் பிள்ளைகள். தொகுப்பூதியம், தினக்கூலி என்று பெயர் மாறும், நிரந்தரம் மட்டும் வராது. அவர்களைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: வனத்துறைக்காரர்கள் ஜீப்பில் சுற்றுகிறார்கள், ரெஸ்ட் ஹவுஸில் சாப்பிடுகிறார்கள். இதைத் தவிர என்னதான் வேலை?
(பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்)

பதில்: கேள்வியில் இருக்கும் குத்தல் புரிகிறது. ரெஸ்ட் ஹவுஸில் சாப்பிடுகிறவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அங்கே சமைத்துப் போடுகிறவரும் வனத்துறை ஆள்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கிற இடம் வேட்டைத் தடுப்பு முகாம். காட்டுக்குள்ளே ஒரு சின்னக் கட்டடம், சுற்றிலும் யானை தாண்டாதபடி அகழி, கூரைமேல் சோலார் தகடு. நாலைந்து பேர் தங்குவார்கள். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு கீழேயிருந்து தலைச்சுமையாகவோ ஜீப்பிலோ வரும். தண்ணீர் ஓடையில். தண்ணீர் எடுக்கப் போகும்போதும் ஒருவர் குடம் பிடிக்க, ஒருவர் காவல் நிற்பார். விடிந்ததும் கஞ்சியோ உப்புமாவோ குடித்துவிட்டு நடை. போன வழியெல்லாம் கைப்பேசி செயலியில் பதிவாகும். முன்பு நோட்டுப்புத்தகத்தில் எழுதுவோம். முகாமில் உட்கார்ந்தபடியே பத்து கிலோமீட்டர் நடந்ததாக எழுதுகிற வித்தையும் அப்போது உண்டு. செயலி வந்தபின் அந்த வித்தை செத்துப்போயிற்று.

நடக்கும்போது என்ன பார்ப்பார்கள்? முதலில் லத்தி, அதாவது யானைச் சாணம். முன்னே போகிற காவலர் குனிந்து புறங்கையை வைத்துப் பார்ப்பார். மேலே காய்ந்திருந்தாலும் உடைத்தால் உள்ளே சூடு இருக்கிறதா, வண்டு துளை போட ஆரம்பித்துவிட்டதா, ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பார். சூடு இருந்தால் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது, பேச்சை நிறுத்த வேண்டும். உருண்டை சின்னது என்றால் குட்டி கூட இருக்கிறது, வழியையே மாற்ற வேண்டும். யானை தின்றதில் பாதிகூடச் செரிக்காது. மூங்கில் நாரும் மரப்பட்டையும் அப்படியே கிடக்கும். நெல் உமி கிடந்தால் நேற்று எந்த ஊர் வயலில் விருந்து என்று தெரிந்துபோகும். பால் கவரும் சிப்ஸ் பாக்கெட்டும் கிடந்தால் அன்று முழுக்க யாருக்கும் பேச்சு வராது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக், கருவில் குட்டி. செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது கால்தடம். யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நீளத்தை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் வந்துவிடும். பள்ளிக்கூடமே போகாத ஒரு மலசர் பெரியவர் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் நான் புத்தகத்திலும் படித்தேன்.

மூன்றாவது, கம்பி. காட்டோரம் பன்றி வரும் தடத்தில் சுருக்கு வைப்பார்கள். பைக் கிளட்ச் வயர் போதும், பக்கத்து மெக்கானிக் கடையில் கிடைக்கும். இலைச்சருகுக்குள் கண்ணுக்குத் தெரியாது. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். இடுப்பில் சுருக்கு இறுகி, இழுக்க இழுக்க அறுத்துக்கொண்டு கிடக்கும் சிறுத்தையை ஒருமுறை பார்த்தவன் கம்பி தேடுவதில் சோம்பல் காட்ட மாட்டான். கம்பியைக் கண்டதும் பிடுங்கி எறிந்துவிட முடியாது. படம் எடுத்து, இடம் குறித்து, சாட்சியோடு மகசர் என்கிற பறிமுதல் அறிக்கை எழுத வேண்டும். சில சமயம் கம்பியை விட்டுவைத்து, வைத்தவன் பார்க்க வருகிறானா என்று ராத்திரியெல்லாம் கொசுக்கடியில் கிடக்க வேண்டும். பிடித்தால் வழக்கு. வழக்கு என்றால் வாய்தா. ஓய்வு பெற்ற பின்னும் பழைய வழக்குக்குச் சாட்சி சொல்ல எனக்குச் சம்மன் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பது வேட்டைத் தடுப்புக் காவலர்கள். மகசரில் கையெழுத்துப் போடுவது நாங்கள். ஜீப் எங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. அந்தக் குத்தலை வேண்டுமானால் ஏற்றுக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கலாமா?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: கூடாதம்மா. நம் ஊர்ப் பச்சைக்கிளி எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. ஜோசியக்காரர் கிளிக்கும் அதே சட்டம்தான். நட்சத்திர ஆமை வைத்தால் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால், கொட்டுவது சொன்னவருக்குத்தான். லவ் பேர்ட்ஸ் வளர்க்கத் தடையில்லை. மயில் தானாக உதிர்த்த தோகை வீட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: யானை என் வாழைத்தோப்பை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது. உங்கள் ஆட்கள் வந்து இரண்டு பட்டாசு வெடித்துவிட்டுப் போகிறார்கள். பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் என்ன? நாங்களே வேலியில் கரண்ட் விட்டால் கேஸ் போடுகிறீர்கள்.
(விவசாயி, தடாகம்)

பதில்: உங்கள் கோபம் நியாயம். வாழை குலை தள்ளி, வியாபாரி அட்வான்ஸ் கொடுத்த வாரத்தில்தான் யானை வரும். அதற்கும் பக்குவம் தெரியும்.

பட்டாசைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரி. முதல் வருஷம் ஓடும், இரண்டாம் வருஷம் காதை ஆட்டும், மூன்றாம் வருஷம் தின்றுகொண்டே திரும்பிப் பார்க்கும். நாங்கள் விரட்டினால் உங்கள் தோப்பிலிருந்து பக்கத்துத் தோப்புக்குப் போகிறது. அங்கேயிருந்து போன் வருகிறது. விடியும்வரை இதுதான்.

பிடித்து வேறு காட்டில் விடுவதைப் பற்றி உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னத்தம்பி உங்கள் பக்கத்து யானைதானே? 2019 ஜனவரியில் பிடித்து டாப்ஸ்லிப் காட்டில் விட்டார்கள். அது மலை இறங்கி உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக்காட்டுக்கு வந்து நின்றது. மறுபடி பிடித்து முகாமில் அடைத்தார்கள், இப்போது கும்கி. 2023இல் அரிக்கொம்பன் கதையும் இதேதான். கேரளாவில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், ஒரு மாதத்தில் கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தது. நம்மவர்கள் திரும்பப் பிடித்துத் தெற்கே முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். யானைக்கு ஊர் ஞாபகம் அதிகம். தின்ற ருசி அதைவிட அதிகம். ஒரு யானையைக் கொண்டுபோனால் அந்த வழித்தடத்தில் இன்னொரு கொம்பன் வந்து சேரும்.

கரண்ட் விஷயத்துக்கு மட்டும் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். சூரிய மின்வேலி வேறு, வீட்டுக் கரண்ட் வேறு. சூரிய வேலியில் உதறுகிற மாதிரி ஒரு அடி, ஒரு நொடி இடைவெளி, மறுபடி ஒரு அடி என்று விட்டுவிட்டுப் பாயும். யானை அலறிப் பின்வாங்கும், உயிர் போகாது. கொக்கி போட்டு எடுக்கிற கரண்ட் விடாமல் பாய்ந்து ஆளை ஒட்டவைத்துக் கொன்றுவிடும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் ஒரு நிலத்தில் மூன்று யானைகள் அப்படி விழுந்து செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றன. யானையை விடுங்கள், ராத்திரி மோட்டார் போடப் போகும் மனிதனும் அதே கம்பியில்தான் மாட்டுகிறான். அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்றிக்கென்று வைத்த வெடியை யானைக்குட்டி கடித்துத் தாடை பிளந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகும். மாடும் கடிக்கும். உங்கள் மாடாகவும் இருக்கலாம்.

சரி, என்னதான் செய்வது? சூரிய வேலி போட்டால் அடியில் புல் வளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். வேலி செத்ததை யானை கண்டுபிடிக்கிற வேகம் உங்களுக்கு வராது. தந்தத்தில் ஷாக் அடிக்காது என்பதால் கொம்பன் தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும், இல்லாவிட்டால் மரத்தைச் சாய்த்து வேலிமேல் போட்டுவிட்டு வரும். ஆகவே வேலி போட்டால் மட்டும் போதாது, தினமும் ஒருவர் சுற்றிவர வேண்டும். தனித்தனித் தோட்டத்துக்கு வேலி போடுவதைவிட ஊர் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டுப் பராமரித்த இடங்களில்தான் நான் பலனைப் பார்த்திருக்கிறேன்.

இழப்பீட்டுக்கு அன்றைக்கே படம் எடுங்கள். சாய்ந்த மரம், கால்தடம், லத்தி மூன்றும் படத்தில் வரட்டும். மனு, சிட்டா, அடங்கல் வைத்து ரேஞ்ச் ஆபீஸில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பணம் மெதுவாகத்தான் வரும், வருவதும் வாழையின் விலைக்குக் கட்டாது. மறைத்துப் பேச எனக்கு இப்போது பதவி இல்லை.

கேள்வி: காய்ந்த மூங்கில் ஒன்றோடொன்று உரசித்தான் காட்டுத்தீ வருகிறது என்று பள்ளியில் படித்தோம். உண்மையா? மலைமேல் பற்றிய தீயை எப்படி அணைக்கிறீர்கள்?
(ஆசிரியை, பெரியகுளம்)

பதில்: என் சர்வீஸில் மூங்கில் வைத்த தீ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை டீச்சர். பார்த்ததெல்லாம் மனிதர் வைத்த தீ. மாடு மேய்ப்பவர் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைத்தது, தேனெடுக்கப் போனவர் பந்தத்தை அணைக்காமல் போட்டது, சாலையோரம் நிறுத்திப் பீடியை வீசியது. விசாரித்தால் எல்லோரும் மூங்கில்மேல் பழி போடுவார்கள். மூங்கிலுக்கு வக்கீல் கிடையாது.

உங்கள் மாவட்டத்துக் குரங்கணி ஞாபகம் இருக்கும். 2018 மார்ச் 11, மலையேற வந்தவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயில் மாட்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். பயத்தில் மேட்டை நோக்கி ஓடினால் ஜெயிக்க முடியாது. ஏற்கெனவே எரிந்து கருகிய தரை இருந்தால் அதுதான் பத்திரமான இடம், இனி அங்கே எரிய ஒன்றுமில்லை. அதன்பிறகுதான் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன. 2024இல் அரசே 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது. தீக்காலத்தில் அவற்றை மூடிவிடுகிறார்கள். மூடியிருக்கும்போது ‘தெரிந்தவர்’ மூலம் உள்ளே போகப் பார்க்காதீர்கள்.

அணைப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மலைமேல் ஏது ஃபயர் என்ஜின்? பனிக்காலம் முடியும் முன்பே காட்டில் நீளநீளமாகச் செடிகொடியை வெட்டி எரித்து வெற்றுப் பட்டை போட்டு வைப்போம். அதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். செயற்கைக்கோள் தீப்புள்ளியைக் கண்டு கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். அனுப்பியது சரி, போய்ச் சேர நாங்கள் நடக்க வேண்டும். போனதும் இலையோடு ஒரு பச்சைக் கிளையை ஒடித்து, தீயின் ஓரத்தை அடித்து அடித்துத் தேய்ப்போம். ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் பற்றிக்கொள்ளும். அமுக்கித் தேய்க்க வேண்டும். மீறிப் போனால் கோட்டிலிருந்து எதிர்த்தீ வைப்போம். இரண்டு தீயும் சந்திக்கிற இடத்தில் தின்ன ஒன்றுமில்லாமல் அணையும். காற்று திரும்பினால் நாங்கள்தான் நடுவில். விடியற்காலை பனி ஈரத்தில் தீ சோம்பும், அந்த இரண்டு மணி நேரம்தான் எங்களுக்கு நல்ல நேரம். உண்ணிச்செடி மண்டிய காட்டில் அதுவும் கைகொடுக்காது. பச்சையாக இருக்கும்போதே எரிகிற செடி அது.

கேள்வி: ஆட்களைக் கொல்லும் புலியைச் சுட்டுத் தள்ளாமல் வாரக்கணக்கில் ஏன் தேடுகிறீர்கள்?
(வியாபாரி, கூடலூர்)

பதில்: டி-23 புலியை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. புலியைச் சுட மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒருவர்தான் எழுத்தில் உத்தரவு போட முடியும், கலெக்டரால்கூட முடியாது. அந்த உத்தரவும் அப்போது வந்தது. எடுத்த எடுப்பில் கொல்ல வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மூன்று வாரத் தேடலுக்குப் பின் 2021 அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

மயக்க ஊசி சினிமாவில் வருவது போல் உடனே சாய்க்காது. தொடையிலோ தோளிலோ சதையில் இறங்க வேண்டும், எலும்பில் பட்டால் வீண். ஊசி பட்ட புலி புதருக்குள் ஓடும். பத்து, பதினைந்து நிமிஷம் கழித்து அரை மயக்கத்தில் இருக்கிற புலியை ஆட்கள் நடந்துபோய்த் தேட வேண்டும். இருட்டும் நேரத்தில் ஊசி போடத் தயங்கியதற்குக் காரணம் இதுதான். ‘சான்ஸை விட்டுட்டாங்க’ என்று கீழே நின்றவர்கள் திட்டினார்கள். அந்தப் புதருக்குள் போக அவர்களில் யாரும் முன்வரவில்லை.

கேள்வி: வீரப்பனை நேரில் பார்த்ததுண்டா?
(பலர்)

பதில்: இல்லை. அவனைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கோபிநத்தத்தில் அவன் ஊர்க்காரர்களுக்கே மருந்து கொடுத்து, மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்து, சரணடைகிறேன் என்ற பேச்சை நம்பிப் போய் 1991 நவம்பரில் கொல்லப்பட்ட கர்நாடக வன அதிகாரி ஸ்ரீனிவாஸைப் பற்றி யாராவது கேட்பீர்களா என்று பார்த்தேன். ஒரு கடிதம்கூட இல்லை.

கேள்வி: வாச்சாத்தியைப் பற்றி ஒரு வனத்துறைக்காரராக உங்கள் பதில் என்ன? தட்டிக்கழிக்காமல் சொல்லுங்கள்.
(கல்லூரி மாணவி, தருமபுரி)

பதில்: தட்டிக்கழிக்கவில்லை. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்தி என்ற மலையடிவார ஊருக்குள் புகுந்து அடித்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப் போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 215 பேரில் 126 பேர் நான் போட்ட அதே காக்கியைப் போட்டவர்கள்.

மேலதிகாரி சொன்னார், கடத்தல் காலம், எல்லோரும் டென்ஷனில் இருந்தோம் என்று எங்கள் ஆட்கள் சிலர் இன்றைக்கும் பேசுவார்கள். எனக்கு அது ஏறாது. சந்தனக்கட்டை வழக்குகளில் நான் கண்டது ஒன்றுதான். கட்டை சுமந்த கூலிக்காரன் கையில் விலங்கு இருக்கும், கட்டையை வாங்கிய முதலாளி பெயர் காகிதத்தில்கூட இருக்காது. அந்தக் கணக்கை நேர்செய்யத் துப்பில்லாமல் குடிசைக்குள் புகுவதற்குப் பெயர் காடு காப்பது இல்லை.

இதில் எங்களுக்குத் தொழில்முறையாகவும் நஷ்டம் உண்டு. காட்டோரத்து ஜனங்கள் காக்கியைக் கண்டு ஓட ஆரம்பித்தால் கம்பி வைத்தவன் பெயரை யார் வந்து சொல்வார்கள்? 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. நிலத்துக்கும் வனப் பொருளுக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுதியே வைத்துவிட்டார்கள். ஆனாலும் விறகு பொறுக்கி வரும் பாட்டியை நிறுத்தி அரிவாளைப் பிடுங்கும் கார்டு இன்னும் இருக்கிறான். என்னைக் கேட்டால் வைகை அணைப் பயிற்சிக் கல்லூரியில் முதல் வாரமே, மரத்தின் பெயர் சொல்லித் தரும் முன்பே, வாச்சாத்தித் தீர்ப்பை வாசிக்கக் கொடுப்பேன்.

கேள்வி: மகள் வனக்காப்பாளர் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?
(தாய், விருதுநகர்)

பதில்: அனுப்புங்கள் அம்மா. நடப்பதிலும் வழக்கு எழுதுவதிலும் பெண் காப்பாளர்கள் சளைத்தவர்கள் இல்லை. ஊருக்குள் போய் வீட்டுப் பெண்களிடம் பேசி விஷயம் வாங்குவதில் எங்களைவிடக் கெட்டி. தொல்லை புலியால் இல்லை. பல முகாம்கள் ஆண்களை மட்டும் நினைத்துக் கட்டியவை, தனிக் கழிப்பறை இருக்காது. சேர்ந்ததும் அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: யானை எதிரே வந்தால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்கிறார்கள், சரிவில் இறங்கி ஓட வேண்டும் என்கிறார்கள். எது சரி?
(இருசக்கர வாகனப் பயணி, பொள்ளாச்சி)

பதில்: வளைந்து ஓடிப் பிழைத்தவர்கள் வந்து சொல்கிறார்கள். மற்றவர்கள் சொல்ல வருவதில்லை. யானை சரிவிலும் நன்றாகவே இறங்கும்.

காதை விரித்துத் தலையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல். முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். சத்தமில்லாமல், துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் அது வேறு விஷயம். பையையோ சட்டையையோ வழியில் போட்டுவிட்டுப் பெரிய மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் போய்விடுங்கள். அது பையை மிதித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். வண்டியில் இருந்தால் ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம்.

ஆனால் அந்த நிலைமைக்கே வராமல் இருப்பதுதான் வித்தை. வால்பாறையில் யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் யானை அங்கே நிற்பது தெரியாமல் இருட்டில் நடந்து போனவர்கள். அதைக் கண்டுபிடித்த ஆராய்ச்சிக்காரர்கள் வேலியும் போடவில்லை, வெடியும் வைக்கவில்லை. யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று சாயங்காலமே எல்லோர் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பினார்கள், கேபிள் டிவியில் ஓட விட்டார்கள், சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால் உள்ளூர்க்காரரே போனிலிருந்து விளக்கைப் போட்டுவிடுவார். இறப்பு குறைந்தது. யானைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

நீங்கள் பொள்ளாச்சிக்காரர், அந்தப் பக்கம் அடிக்கடி போவீர்கள். சிவப்பு விளக்கு மினுக்கினால் வந்த வழியே வண்டியைத் திருப்புங்கள். ‘ஒரே ஒரு போட்டோ’ என்று பின்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். அவரையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு போங்கள்.